நீதிமன்றமும் மொழிபெயர்ப்பும்

காவிரியின் வடகரையில் உள்ளது முசிறி; எதிர்க்கரையில் உள்ளது குளித்தலை. சங்கப் புலவர் போற்றிய சேரநாட்டு முசிறித் துறைமுகம் வேறு. இது நெல்லும் வாழையும் கோரையும் விளையும் உழவர் ஊர். வாய்க்காலும் வரப்பும் உள்ள இடத்தில் வழக்கும் இருப்பது இயல்பு. ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதி உழவன் ஒருவன் தன் நிலத்திற்காக வழக்காடினான் என்று கொள்க. பிராது கொடுத்தான், வாய்தாதோறும் நடந்தான், வழக்கு மேல்முறையீடாகச் சென்னைக்குச் சென்றது. அங்கிருந்த சதர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. தீர்ப்பின் மொழி ஆங்கிலம். நிலம் கைவிட்டுப் போயிற்று என்பதை உழவன் அறிந்தான். எதனால் போயிற்று என்பதை அறிய அவனுக்கு வழியில்லை. அவனுக்காக வாதாடியவர் ஆங்கிலம் கல்லாதவராயின், அவருக்கும் அதே நிலைதான்.

இக்குறையை நேரிற் கண்டவர் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு பிறந்த அவர், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் முதலில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857இல் முன்சீப் ஆனார். தமிழின் முதல் புதினமாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியர் என்றே இன்று பலரும் அவரை அறிவர். அப்புதினம் வெளிவந்தது 1879இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் அவர் வெளியிட்டார். ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளைத் தனி ஒருவர் தமிழில் தந்தது எளிய செயலன்று. தமிழர் வழக்கைத் தமிழ் மன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கத்தைத் தம் புதினத்திலும் அவர் கடிந்திருக்கிறார்.

இத்தகைய பணியில் உள்ள இடர்ப்பாடு யாது? அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் வைத்தால் போதாதா எனச் சிலர் எண்ணக்கூடும். ‘எக்சிகியூஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்க. குற்றவாளியின் உயிரைப் போக்குதல் என்பது அதன் ஒரு பொருள். தீர்ப்பின்படி பணத்தையோ நிலத்தையோ உரியவருக்கு வாங்கிக் கொடுத்தல் என்பது மற்றொரு பொருள். கடன் வழக்கில் முதற்பொருளை எழுதிவிட்டால், ஐம்பது ரூபாய் கடன்பட்டவன் கழுவேற வேண்டுமோ என்று நடுங்குவான்.

‘கன்சிடரேஷன்’ என்னும் சொல் இதனினும் வஞ்சகமானது. பொது வழக்கில் அதற்குக் கருதிப் பார்த்தல் என்று பொருள். ஒப்பந்தச் சட்டத்திலோ, ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவதே அப்பெயர் பெறும். நிலத்தை எழுதிக் கொடுப்பவர் பெற்றுக்கொள்ளும் பணம் அதற்குச் சான்று. இத்தகைய ஈடு இல்லாத ஒப்பந்தம், சில விலக்குகள் தவிரச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகின்றது. இதனைக் ‘கருதிப் பாராமற் செய்த ஒப்பந்தம் செல்லாது’ என்று ஒருவர் தமிழாக்கினால் என்ன ஆகும்? அவசரத்தில் கையெழுத்திட்டவர் அனைவரும் நீதிமன்ற வாயிலில் வந்து நிற்பர்! ‘மறுபயன்’ என்னும் தமிழ்ச் சொல் இத்தொல்லையைத் தீர்த்து வைக்கின்றது.

உருவத்தால் ஒத்த சொற்களும் ஏமாற்றும். ஆங்கிலத்தில் ‘டிமாண்ட்’ என்பது வற்புறுத்திக் கேட்டல். அதனோடு உறவுடைய பிரெஞ்சுச் சொல்லோ வெறுமனே கேட்டலைக் குறிக்கும். இருமொழிகளுக்கும் இடையே கடிதம் பெயர்ப்பவர் அயர்ந்தால், வேண்டுகோள் கட்டளையாகிவிடும். நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. தமிழர் ‘அவகாசம்’ என்றால் கால இடைவெளி. அண்டையிலுள்ள மலையாளத்தில் அதற்கு உரிமை என்று பொருள்.

மரபுத்தொடர்களில் இந்நிலை இன்னும் தெளிவாகும். பெருமழை பெய்யும்போது ஆங்கிலேயர் பூனையும் நாயும் பொழிவதாகக் கூறுவர். பிரெஞ்சுக்காரர் கயிறு கயிறாகப் பெய்கிறது என்பர். தமிழர் வானம் பொத்துக்கொண்டது என்பர். மழை ஒன்றே, அதைக் கண்ட கண்கள் வேறு. ஒரு பொருள் மிகுந்துள்ள இடத்திற்கே அப்பொருளைக் கொண்டுசெல்லும் பேதைமையை, நியூகாசிலுக்கு நிலக்கரி சுமத்தல் என்று ஆங்கிலத்திற் கூறுவர். நியூகாசில் நிலக்கரிக்குப் பெயர்போன நகரம் என்பதை அறியாதார்க்கு இத்தொடர் விளங்காது. ஆற்றுக்கு நீர் சுமத்தல் என்பது பிரெஞ்சு வழக்கு. காவிரிக்கரையில் வாழும் முசிறிச் சிறுவனுக்கு இதனை உரைக்க உரையாசிரியர் வேண்டா. எனினும் தமிழிற் பெயர்ப்பவர் இவ்விரண்டையும் விடுத்து, கொல்லர் தெருவில் ஊசி விற்றல் என்று எழுதுவதே முறை.

விடுதலைக்குப் பின், 1956ஆம் ஆண்டில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறிற்று. அரசு அலுவலகங்களுக்கு ஆயிரக்கணக்கான தமிழ்ச் சொற்கள் வேண்டியிருந்தன. தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். சொல் சிறிது, பொருள் தெளிவு. ஆதலின் மக்கள் நாவில் அது ஏறிற்று. ஆண்டுதோறும் வட்ட அலுவலகங்களில் நிலவரிக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி ‘வருவாய்த் தீர்வாயம்’ ஆயிற்று. அறிவிப்புப் பலகையில் அச்சொல் இருக்கின்றது. மனுவோடு வரும் உழவர் இன்னும் ஜமாபந்திக்கு வந்ததாகவே கூறுகின்றார். நெடுங்காலம் பழகிய சொல்லை அகற்றுவது அத்துணை எளிதன்று.

இப்பொழுது மொழிபெயர்க்கும் எந்திரங்களும் வந்துவிட்டன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் தருவதற்கு அவை துணைபுரிகின்றன. மேல்முறையீடு செய்ய மன்றம் இசைவு தருவதை ஆங்கிலத்தில் ‘லீவ் கிராண்டட்’ என்று எழுதுவது மரபு. எந்திரம் அதனை இந்தியில் ‘விடுமுறை அளிக்கப்பட்டது’ என்று பெயர்த்ததாக அம்மன்ற நீதிபதி ஒருவரே எடுத்துக்காட்டினார். ஆதலின், எந்திரம் பெயர்த்துத் தரும் தீர்ப்பை இருமொழியும் சட்டமும் கற்ற ஒருவர் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துகின்றார். அதன் பின்னரே அது வழக்காடியவர் கைக்குச் செல்கின்றது.