அடியில் சிக்கு, கோளாறு மேலே

ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. அங்கேயும், அம்பத்தூர் ஆடை ஆலைகளிலும், பூந்தமல்லியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் பெண்ணின் கறுப்பு மெஷினிலும் பெரும்பாலும் ஓடுவது ஒரே தையல்தான்: லாக் ஸ்டிச். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்றதும் இந்தத் தையல் போடும் மெஷினுக்குத்தான். இதில் மேல் நூலும் அடியிலிருக்கும் பாபின் நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்ள வேண்டும்.

ஆலையில் கோளாறு என்றால் மெக்கானிக் வந்துவிடுவார். வீட்டில் தைப்பவருக்கு அந்த வசதி இல்லை. தீபாவளி நெருக்கத்தில் மெஷின் ஒரு நாள் நின்றாலும் அந்த நாள் வருமானம் போச்சு. அதனால் சின்னக் கோளாறுகளை அவரே சரிசெய்யத் தெரிந்திருப்பது நல்லது.

துணிக்கு அடியில் நூல் கொசகொசவென்று சிக்கினால் பலரும் பாபினைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் தளர்ந்திருப்பது மேல் நூல். ஊசி கீழே கொண்டுபோன நூலை மேலே இழுத்து இறுக்குவது, ஏறி இறங்கும் டேக்-அப் லீவர். டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிக்காவிட்டால், லீவர் மேலேறும்போது அடியிலிருக்கும் நூலை விட்டுவிட்டுக் கண்டிலிருந்து புது நூலை இழுத்துக்கொள்ளும். அடியில் மிச்சமான நூல் வளையம் வளையமாகத் தொங்கும்.

தட்டுகள் ஏன் பிடிப்பதில்லை? துணியை அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்தபடியே நூல் கோத்திருப்பார்கள். பாதத்தைத் தூக்கினால்தான் தட்டுகள் விரியும், நூல் உள்ளே போய் உட்காரும். அதனால் டென்ஷன் திருகைத் தொடும்முன் பாதத்தைத் தூக்கி, நூலை முழுவதும் உருவி மறுபடி கோப்பதே முதல் வேலை. பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து ஊசி. மழுங்கியதும் வளைந்ததும் தையலைத் தவறவிடும். சாதாரண காட்டனுக்கு 14-ஆம் நம்பர், மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸுக்கு 16 பொருந்தும். ஊசியின் நீளப் பள்ளம், நூல் நுழையும் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

வளையம் துணியின் மேல்பக்கம் தெரிந்தால் கதை தலைகீழ்: மேல் நூல் அதிக இறுக்கம், அல்லது பாபின் நூல் லூசு. பாபின் கேஸைக் கழற்றி, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக ஒரு வெட்டு வெட்டிப் பார்க்கலாம். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. சரசரவென்று விழுந்தால் தளர்வு. அசையவே இல்லையென்றால் இறுக்கம். கேஸின் ஸ்பிரிங்குக்கு அடியில் பஞ்சுப் பிசிறு அடைத்திருந்தாலும் இழுவிசை கெடும். கெட்டித்தாளின் ஓரத்தால் அதை எடுத்துவிட்ட பிறகே கேஸின் திருகைத் திருப்ப வேண்டும், அதுவும் துளித் துளியாக.

சரிபார்க்க, மேலே சிவப்பு நூலும் பாபினில் நீல நூலும் போட்டு வெட்டுத்துண்டில் ஒரு வரி ஓட்டினால் போதும். எந்த நிறம் எதிர்ப்பக்கம் எட்டிப் பார்க்கிறதோ, அது தளர்ந்த நூல்.