மயக்க ஊசியும் எருதின் கொம்பும்

"மயக்க ஊசி போட்டா மாடு எழுந்திருக்காதாமே சார்?" கனகம்மாசத்திரத்தில் வண்டி மாடு வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரர் கேட்டார். அவருடைய எருது தலையை உதறிக்கொண்டே இருந்தது; வலக்கொம்பு சாய்ந்து, அந்தப் பக்க மூக்கில் இரத்தம் கசிந்தது. கால்நடை மருத்துவர் கொம்புப் புற்றுநோய் என்று கூறி, அறுவையைப் பரிந்துரைத்திருந்தார்.

இந்திய மாடுகளிடையே, குறிப்பாகக் காயடித்த எருதுகளிடம், அதிகம் காணப்படும் நோய் இது. கொம்பின் உட்புறப் படலத்தில் தொடங்குகிறது. கொம்பை அடியோடு அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. கண்ணின் வெளிமூலையிலிருந்து கொம்படிக்குச் செல்லும் நரம்பருகே லிக்னோகெய்ன் செலுத்தினால் கொம்பு மரத்துப்போகும். மாட்டை அமைதிப்படுத்தச் சிறிதளவு சைலசின் தருவார்கள்.

அவருடைய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. சைலசின் மாட்டை எளிதில் வீழ்த்தும்; குதிரைக்குத் தரும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அதற்குப் போதும். படுக்கவைத்த மாட்டின் வயிற்றில் வாயு தேங்கி மூச்சை அழுத்தலாம். மேலெழும் தீனி மூச்சுக்குழாயிலும் இறங்கலாம். அதனால்தான் முன்தினமே தீனியை நிறுத்தச் சொல்கிறார்கள். இரக்கப்பட்டு ஒரு கை வைக்கோல் போடுவதுதான் பெரிய ஆபத்து.

கத்தி பட்டால் புற்று பரவும் என்ற பேச்சும் உண்டு. அறுவையின் அதிர்ச்சியும் வலியும் நோய் எதிர்ப்புச் செல்களைச் சில நாட்கள் தளர்த்துவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். எனவே, மரத்துப்போகச் செய்து அறுத்தால் புற்று திரும்புவது குறையுமா என்று மனிதர்களிடம் ஆராய்ந்தனர். மார்பகப் புற்றுநோய் கொண்ட 2,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த அந்த ஆய்வு 2019-இல் வெளியானது. மயக்க முறையால் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. ஆயினும் வலியைத் தணிப்பது அவசியமே. வலியுள்ள மாடு தீனி எடுக்காது.

காலமே இங்கு விலை உயர்ந்தது. புற்று நெற்றி எலும்பின் குழிக்குள் இறங்கிவிட்டால், கொம்பை வெட்டியும் பயன் சொற்பம். நாய்களின் மடிக்கட்டியிலும் அப்படித்தான்: 3 செ.மீ.க்குள் இருக்கையில் அறுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பொருளாதாரம் படித்தவன் என்பதால் அவருடைய தயக்கத்தின் மறுபாதியும் எனக்குப் புரிந்தது. மாட்டை ஏற்றிச்செல்லும் வண்டி வாடகையும், காயம் ஆறும்வரை இழக்கும் கூலியுமே அவருக்குச் சுமை. தாமதித்தால் இழப்பது மாட்டையே என்றேன்.

வெள்ளிக்கிழமை வண்டி பிடித்திருக்கிறார். வியாழன் மாலைக்குப் பின் தீனி கூடாது என்பதை அவர் மனைவியிடமும் தனியே சொல்லிவிட்டு வந்தேன்.