யார் தட்டில் எவ்வளவு? – 14: வாய்க்கால் ஏறாத ஊர்

இருவேல்பட்டு கிராமத்தின் கதையும் அதை ஆராய்ந்த ஸ்லேட்டரின் கதையும் போன வாரத்தோடு முடிந்தன. இந்த வாரம் மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போவதாகப் பேச்சு. ஆனால் அங்கிருந்து நாற்பது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது மாண்டியா. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஸ்கார்லெட் எப்ஸ்டீன் கண்டதைச் சொல்லாமல் மைசூரின் ஏற்றத்தாழ்வைப் பேசத் தொடங்குவது நியாயமில்லை.

எப்ஸ்டீன் 1922-இல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். ஹிட்லரிடமிருந்து தப்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் மானிடவியலும் பயின்றவர். அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆர்தர் லூயிஸ், கிராமத்தில் மிஞ்சி நிற்கும் உழைப்பு ஆலைகளுக்குப் பெயர்வதே ஏழை நாடுகளின் வளர்ச்சிப் பாதை என்று 1954-இல் எழுதினார். பின்னாளில் நோபல் பெற்றுத் தந்த கட்டுரை அது. அதே ஆண்டில் எப்ஸ்டீன் மாண்டியா பக்கம் வந்து இறங்கினார். 1956 வரை இரண்டு ஊர்களில் தங்கினார். அவற்றைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அவர் வைத்த புனைபெயர்கள் வங்கலா, தலேனா.

கிருஷ்ணராஜசாகர் அணை கட்டி முடிந்தபின் 1930-களில் வாய்க்கால் வந்தது, மாண்டியாவில் சர்க்கரை ஆலை வந்தது. வங்கலாவில் தண்ணீர் பாய்ந்து கரும்பும் நெல்லும் விளைந்தன. தலேனா மேட்டில் இருந்த ஊர், தண்ணீர் ஏறவில்லை.

தண்ணீர் வந்த ஊர்தானே தலைகீழாக மாறியிருக்க வேண்டும்? நடந்தது வேறு. வங்கலாவில் நிலமுடைய சாதியான ஒக்கலிகர்கள் முன்னைவிடப் பெரிய விவசாயிகளானார்கள். ஆதி கர்நாடகர் எனப்படும் தலித் குடும்பங்களோடு அவர்களுக்கிருந்த பரம்பரைப் பண்ணை உறவு அப்படியே நீடித்தது. தலேனாக்காரர்களோ வண்டி ஓட்டினார்கள், மாவு மில் வைத்தார்கள், மாண்டியாவில் வேலைக்குப் போனார்கள். அங்கே பரம்பரைக் கட்டு தளர்ந்தது.

இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு கூலி பற்றியது. 1967-இல் வெளியான கட்டுரையில் எப்ஸ்டீன் அதை விளக்கினார். பண்ணை வேலை செய்யும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு தானியம் என்று களத்தில் அளப்பது வழக்கம். விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் அளவு மாறாது. பேச்சுக்கு, நல்ல வருஷத்தில் நூறு மூட்டை, கூலி முப்பது. பஞ்ச வருஷத்தில் அறுபது மூட்டைதான், கூலி அதே முப்பது. மழை பொய்த்தால் உழுவித்தவரும் உழுதவரும் ஏறக்குறைய சமமாக அரை வயிறு உண்டார்கள். செழித்தால் மிச்சமெல்லாம் நிலத்துக்காரருக்கு. ஏழை ஏன் இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொண்டான் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. பட்டினிக்கு எதிரான காப்புறுதியை அவன் விலை கொடுத்து வாங்கினான். விலை, நல்ல வருஷத்து மிச்சம். சாதிப் பெருமைக்கும் அவன் தலைகுனிந்தாக வேண்டியிருந்ததை மறந்துவிட்டு இதைப் புகழ முடியாது.

அரசு அந்நாளில் வற்புறுத்திய ஜப்பானிய முறை நெல் சாகுபடி இங்கேதான் இடறியது. வரிசை பிடித்து நட வேண்டும், களை எடுக்க வேண்டும், வேலை அதிகம். அளவு மாறாத தானியம் வாங்குகிறவருக்குக் கூடுதலாக முதுகு வளைக்க என்ன காரணம்? விவசாயி பழைமைவாதி, கூலியாள் சோம்பேறி என்று அலுவலகங்களில் பேசியவர்கள் களத்துமேட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை.

எப்ஸ்டீன் 1970-இல் மறுபடி வந்தார். ஊரில் செல்வம் பெருகியிருந்தது. இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடைவெளியும் விரிந்திருந்தது. பழைய காப்பு நழுவிய இடத்தில் அதே உறுதியுள்ள புதியது எதுவும் வந்து சேரவில்லை. சராசரி வருமானத்தை மட்டும் வைத்து அளந்தால் இந்த இழப்பு கணக்கிலேயே வராது. வளர்ச்சிக் கணக்கெழுதுகிற ஒவ்வொருவரும் விளைச்சல் பொய்த்த ஆண்டில் கடைசிக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்பதையும் எழுதியாக வேண்டும்.

ஹெப்பாளுக்கு இடமில்லாமல் போயிற்று. இன்ஃபோசிஸ் வளாகமும் அதைச் சுற்றியுள்ள ஒப்பந்தத் தொழிலாளர் கூலியும் அடுத்த வாரம். மைசூரு, மாண்டியா, ஈரோடு, தஞ்சைப் பக்கங்களில் களத்தில் தானியக் கூலி அளந்தவர்களோ வாங்கியவர்களோ உங்கள் வீட்டில் இருந்தால், எத்தனை மரக்கால், எந்த ஆண்டு வரை என்று கேட்டு எழுதி அனுப்புங்கள்.