கலாசாலையில் ஒரு கண்காணிப்புப் பருவம்

அமெரிக்கக் கலாசாலைகளில், நான்கு புள்ளிகளை உச்சமாகக் கொண்ட மதிப்பெண் சராசரி 2.0-க்குக் கீழே சரிந்துவிடுமாயின், மாணவனை உடனே வெளியேற்றிவிடாமல், 'அகடெமிக் புரொபேஷன்' என்னும் கண்காணிப்பில் ஒரு பருவம் வைத்துப் பார்ப்பதே பெரும்பாலும் வழக்கம். அக்காலத்தில் பாடப்பளுவைக் குறைப்பதும், ஆலோசகரைச் சந்திக்க வேண்டுமென்று நிபந்தனை விதிப்பதும், தனிப்பயிற்சி அளிப்பதும் உண்டாதலால், தண்டனையைக் காட்டிலும் சிகிச்சையின் சுபாவமே இதில் மேலோங்கியிருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

பணவிஷயம் வேறு. மத்திய சர்க்காரின் உபகாரச் சம்பளமோ கடனோ பெறுபவன், படிப்புக்கு நிர்ணயித்த காலத்தின் ஒன்றரை மடங்குக்குள் அதை முடிக்கக்கூடிய வேகத்தில் தேறிவர வேண்டும். தவறினால் உதவி நின்றுபோகும். மேல்முறையீட்டுக்கு இடமுள்ள கலாசாலையில், நோயையோ உறவினர் மரணத்தையோ காரணங்காட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் நேர்ந்தது இன்னதென்பதோடு, இப்போது மாறியிருப்பது இன்னதென்பதையும் அவன் எழுதியாக வேண்டும்.