வளையும் கால் ட்ரைபாடு: கம்பம் பள்ளத்தாக்குல எங்கே, எப்படிப் பிடிக்க வைக்கணும்?

கம்பம் பக்கம் ஒரு திராட்சைப் பந்தலுக்கு அடியில நிக்கிறோம். வெளியில வெயில் கொளுத்துது, உள்ள இலை மூடி இருட்டிக் கிடக்கு. இங்க விளையுற பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அந்தக் கொத்தை, பழத்து மேல படிஞ்சிருக்கிற சாம்பல் பூச்சு தெரியிற மாதிரி எடுக்கணும்னா ஷட்டர் வேகத்தைக் குறைச்சே ஆகணும். கையில பிடிச்சா படம் ஆடிரும். பெரிய ட்ரைபாடை விரிச்சா, குனிஞ்சு வேலை பார்க்கிறவங்களுக்கு வழி அடைச்சுக்கும்.

அதுக்குத்தான் இந்த வளையுற கால் ட்ரைபாடு. ஜோபி நிறுவனம் 2006-ல கொரில்லாபாடுன்னு கொண்டு வந்தது. இப்ப பல கம்பெனி செய்யுது. கால் முழுக்கக் குண்டு குண்டா மூட்டு. ஒவ்வொரு மூட்டும் உரசல்லதான் நிக்குது. இதோட பலம் உயரத்துல இல்ல, பிடியில இருக்கு. அதனால எதைப் பிடிக்க வைக்கிறீங்கன்றதுதான் முக்கியம்.

பந்தல் கம்பியில சுத்தாதீங்க. ரெண்டு வரிசை தள்ளி ஒருத்தர் கொடியைத் தொட்டாலும் அது ஆடும். பந்தலைத் தாங்குற கல்லுத்தூண் நல்லது. ரெண்டு காலை எதிரெதிர்ப் பக்கமா சுத்துங்க. மூணாவது காலை லென்ஸுக்குக் கீழ தூணோட சாய்ச்சு முட்டுக் கொடுங்க. பாரத்தைத் தாங்குறது அந்த மூணாவது கால்தான். பலபேர் அதையும் சேர்த்துச் சுத்திடறாங்க, கேமரா மெதுவா முன்பக்கம் தலை சாயுது. தூண் ரொம்பப் பருமனா இருந்தா தரையிலயே வைங்க. அப்ப ஒரு கால் லென்ஸ் பார்க்கிற திசையிலயே நீட்டி இருக்கணும்.

பட்டனை விரலால அமுக்காதீங்க, 2 செகண்ட் டைமர் போடுங்க. லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருந்தா அதையும் அணைச்சிருங்க. ஆனா கொத்தே காத்துக்கு ஆடினா எந்த ட்ரைபாடும் உதவாது. ஆனி, ஆடியில இந்தப் பள்ளத்தாக்குக் காத்து சாமானியப்பட்டது இல்ல. ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாலைகள் சுத்துறது அதை நம்பித்தான். அந்த மாசங்கள்ல காத்து ஓயற நொடிக்குக் காத்திருக்கத்தான் வேணும்.

சுருளி அருவிக்கு வருவோம். தண்ணி பாலா இறங்குற மாதிரி வரணும்னா கால் செகண்ட்ல இருந்து ஒரு செகண்ட் வரைக்கும் ஷட்டர் திறந்திருக்கணும். உச்சி வெயில்ல அது நடக்காது, படம் வெளுத்துரும். காலையில வெயில் விழறதுக்கு முன்னாடி போங்க, இல்லைன்னா வெளிச்சத்தைக் குறைக்கிற என்.டி. ஃபில்டர் போடுங்க. கைப்பிடிக் கம்பியைப் பார்த்ததும் அதுல சுத்தத் தோணும். கூட்டம் சாய்ஞ்சு நிக்கிற கம்பி அது, ஆடிக்கிட்டே இருக்கும். ஓரமா ஒரு பாறையோ வேரோ பாருங்க. கேமரா வாரைக் கையை விட்டு எடுக்காதீங்க, குரங்கு இருக்கு. முக்கியமா ஒண்ணு: ஜனங்க குளிக்கிற பக்கம் லென்ஸைத் திருப்பாதீங்க.

மேகமலையில ராத்திரி வானம் எடுக்க ஆசைப்படறவங்க, தங்கியிருக்கிற இடத்து வராண்டா கம்பியிலயே சுத்திக்குங்க. 2021-ல இருந்து அந்தப் பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. இருட்டினப்புறம் ரோட்டுல நின்னு படம் எடுக்கிற இடம் இல்ல அது. 24 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரான்னா 20 செகண்ட் வரைக்கும் நட்சத்திரம் பெரிசா இழுபடாது. மொபைல்ல நைட் மோடு போடுங்க. போன் அசையாம இருக்குன்னு தெரிஞ்சா, நிறைய மாடல் தானாவே கூடுதல் நேரம் எடுத்துக்கும்.

இப்ப எடைக் கணக்கு. மொபைல் 200 கிராம் பக்கம். 1 கிலோ தாங்கற மாடல் தாராளம். கிட் லென்ஸோட ஒரு சின்ன டி.எஸ்.எல்.ஆர். 700 கிராம் பக்கம் வரும். 1 கிலோ மாடல் போதுமேன்னு தோணும். அது நேரா நிக்கும்போது சரி. தூண்ல பக்கவாட்டுல தொங்கும்போது மூட்டு வழுக்கும். டி.எஸ்.எல்.ஆருக்கு 3 கிலோ தாங்கறதையே வாங்குங்க. கால் எல்லாத்தையும் ஒரே மூட்டுல மடிக்காதீங்க, பல மூட்டுக்கும் வளைவைப் பங்கு போடுங்க. மண் புகுந்தா நல்ல தண்ணியில அலசிக் காய வைங்க.

கடையில வாங்கும்போது உங்க கேமராவையே கொண்டு போங்க. மாட்டி, ஏதாவது ஒரு கம்பியில பக்கவாட்டுல சுத்தி, கையைக் கீழ வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் பாருங்க. தலை கொஞ்சம் தொங்கினாலும் அந்த மாடலை வாங்காதீங்க.