ஈயச் சொம்பு ரசமும் வயிற்றில் வளரும் குழந்தையும்

பாட்டி காலத்து ஈயச் சொம்பில் கொதித்த ரசத்தின் மணமே தனி! மசக்கையில் எதுவும் பிடிக்காத நேரத்தில், அந்த ரசம் ஒரு கரண்டி கிடைத்தால் தேவலை என்று இருக்கும். ஆனால், நீங்கள் கர்ப்பமாக இருந்தால் அந்தச் சொம்பைக் கொஞ்ச நாளைக்குப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

ஏன் என்கிறீர்களா? ஈயத்தில் இரண்டு உண்டு: வெள்ளீயம், காரீயம். ரசச் சொம்பை வெள்ளீயத்தில்தான் செய்ய வேண்டும். மலிவான காரீயத்தைக் கலந்துவிட்டால், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புளியின் அமிலமும் சூடும் சேர்ந்து காரீயத்தை ரசத்தில் இறக்கிவிடும். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்திலும் இதே சங்கடம்தான்.

காரீயம் விஷம். ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாயின் ரத்தத்திலிருந்து அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய அபாயங்கள் கூடும். குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம்.

எலும்பில் பதுங்கும் எதிரி

உடம்பு காரீயத்தைக் கால்சியம் மாதிரியே பாவித்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. அங்கே அது வருஷக்கணக்கில் தங்கும். இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டில்தான் ஒழிந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் சின்ன வயதில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள். கர்ப்ப காலத்தில் சாப்பாட்டில் கால்சியம் போதாவிட்டால், குழந்தைக்காகத் தாயின் எலும்பு கரையும். கூடவே பழைய காரீயமும் ரத்தத்துக்கு வந்துவிடும்!

என்ன சாப்பிடலாம்?

* கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், தயிர், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாமே நல்லது.

* இரும்புச்சத்து குறைந்தால் குடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். டாக்டர் தரும் இரும்பு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒன்றாகப் போடாமல், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். காபி, டீயோடு வேண்டவே வேண்டாம். நெல்லிக்காய், கொய்யா சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

* வெறும் வயிற்றில் காரீயம் சீக்கிரம் ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக, வேளை தவறாமல் சாப்பிடுங்கள்.

எதைத் தவிர்க்கலாம்?

மண், சாம்பல் தின்ன ஆசை வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தசோகையாக இருக்கலாம், மண்ணில் காரீயமும் இருக்கலாம். பளபளக்கும் மஞ்சள் தூளுக்குப் பதில், மங்கலான விரலி மஞ்சளை வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். வளைகாப்புக்காகப் பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். கணவருக்கு பேட்டரி வேலையா? குளித்து, உடை மாற்றிய பிறகு பக்கத்தில் வரட்டும்.

‘ஐயோ, இத்தனை நாள் அந்த ரசம்தானே சாப்பிட்டேன்!’ என்று பதற வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை செய்வார். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும்.

ரசம் சாப்பிடுங்கள், தாராளமாக. எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தாலும் ரசம் ரசம்தான்!