கும்பிடாத பிள்ளை கோயில் முகாமில் தொண்டு செய்யலாமா?

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கினால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கோயில்களும் தேவாலயங்களும் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் நடத்த ஆயத்தமாகும். சமைக்க, பாட்டுச் சொல்லிக்கொடுக்க, சின்னஞ்சிறுசுகளைப் பார்த்துக்கொள்ள இளம் தொண்டர்கள் தேவைப்படுவார்கள்.

"என் மகளும் போக ஆசைப்படுகிறாள். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவள் கும்பிடுவதில்லை, திருநீறும் பூசுவதில்லை. இவளை அங்கே அனுப்பலாமா?" என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார்.

யுத்தத்தின் பின் பல வீடுகளில் இருக்கும் கேள்வி இது. இழப்பு சிலரைக் கடவுளிடம் இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனது. சிலரை விலக்கிவிட்டது. இரண்டும் ஒரே காயத்திலிருந்து வந்தவைதான்.

இந்தத் தாய்க்குச் சொல்ல ஒரு குடும்பத்தின் கதை உண்டு. ஆந்திராவைச் சேர்ந்த கோரா (1902-1975) தாவரவியல் ஆசிரியர். 1920களின் இறுதியில் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் கற்பித்தவர். கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். பத்து வயதில் அவரைத் திருமணம் செய்த சரஸ்வதி, பிற்காலத்தில் அவருக்குச் சமமாக நின்று தீண்டாமையை எதிர்த்தார். விடுதலைப் போராட்டத்தில் சின்னக் குழந்தையுடன் சிறைக்கும் போனார்.

1944ஆம் ஆண்டின் இறுதியில் கோரா காந்தியடிகளின் சேவாக்கிராம ஆச்சிரமத்துக்குச் சென்றார். காலையும் மாலையும் பிரார்த்தனை நடக்கும் இடம் அது. காந்தியடிகள் அவரை மாற்ற முயலவில்லை. இருவரும் உண்மையைத் தேடுகிறவர்கள் என்ற அளவில் நண்பர்களானார்கள்.

தன் மகள் மனோரமாவை, தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமூகத்து இளைஞர் அர்ச்சுனராவுக்குக் கொடுக்கக் கோரா விரும்பினார். அத்திருமணத்தை ஆச்சிரமத்திலேயே நடத்திவைக்கக் காந்தியடிகள் சம்மதித்தார். மகளுக்கு வயது போதாது, இரண்டு வருடம் பொறுங்கள் என்றார். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை ஆச்சிரமத்தில் தங்கிப் பயிற்சி பெறட்டும் என்றார். உறுதிமொழியில் கடவுளின் பெயருக்குப் பதிலாக 'சத்தியம்' என்று சொல்லவும் இணங்கினார். 1948 ஜனவரி 30ஆம் திகதி அவர் கொல்லப்பட்டார். ஆனாலும் ஆச்சிரமம் வாக்கைக் காப்பாற்றியது. அதே ஆண்டு மார்ச் 13ஆம் திகதி திருமணம் அங்கேயே நடந்தது.

கோராவின் மகன் லவணமும் பின்னர், பக்திமானான வினோபாவின் பூதான நடைப்பயணத்தில் மொழிபெயர்ப்பாளராகத் தொண்டு செய்தார். தன் கொள்கையை அவர் விடவில்லை.

ஆகவே, அம்மா, உங்கள் மகள் போகலாம். சில விடயங்களை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

முகாமுக்குப் பொறுப்பானவரிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லட்டும். ஒளித்துப் போனால் அந்தப் பயமே அவளை வேலை செய்ய விடாது. பிரார்த்தனை நேரத்தில் பிள்ளைகளோடு அமைதியாக இருக்கட்டும். பெற்றோர் நம்பி அனுப்பிய பிள்ளைகளிடம் "கடவுள் இல்லை" என்று வாதாட அது இடமல்ல. "அக்கா, நீங்கள் ஏன் கும்பிடுவதில்லை?" என்று ஒரு குழந்தை கேட்டால், "எனக்கு இப்போது அது வரவில்லையம்மா. நீ கும்பிடு, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

அதேபோல் அவளையும் யாரும் வற்புறுத்தக் கூடாது. மதம் மாறினால்தான், மந்திரம் சொன்னால்தான் இடம் என்றால், நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சகோதரிகளே, சற்றுத் திரும்பிப் பாருங்கள். 1983 ஜூலையில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அடைக்கலம் புகுந்தோம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, தென்மராட்சியில் கோயில் மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் படுத்தெழும்பினோம். கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றிய பிள்ளையிடம் "நீ சாமி கும்பிடுவாயா?" என்று நாங்கள் கேட்டோமா? கோப்பையை நீட்டினோம். பசி தீர்ந்தது.

தகப்பனை இழந்த ஒரு பிள்ளை, இன்னொரு பிள்ளைக்குத் தலைவாரிவிடப் போக விரும்புகிறாள். அவளுக்கு வழிவிடுங்கள். அவள் திரும்பி வந்து கும்பிடுவாளா என்று எதிர்பார்த்திருக்க வேண்டாம். களைத்துப்போய் வருவாள்; சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு, அங்கே நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.